நம் பிள்ளைகள் எழுதுவதை யார் படிக்கிறார்கள்?

கல்லூரி அட்மிஷனுக்குப் போகும் நம்மாட்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பிளேஸ்மெண்ட் எத்தனை சதவீதம்? பேக்கேஜ் எவ்வளவு? ஹாஸ்டலில் நம்ம ஊர்ச் சாப்பாடு உண்டா? கல்லூரி பஸ் எந்த ரூட்டில் வரும்? ஒரே ஒரு கேள்வியை மட்டும் இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "என் பொண்ணு எழுதுறதை இங்கே யார் சார் படிப்பாங்க?"

சிரிக்காதீர்கள். லட்சக் கணக்கில் கட்டுகிற ஃபீஸுக்கு அர்த்தம் உண்டா இல்லையா என்பது இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். பெண் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் வருஷம் பொருளாதாரம் படிக்கிறாள். எழுத்துப் பயிற்சி என்று ஒரு பேப்பர். செமஸ்டர் கடைசியில் அதற்குத் தேர்வு கிடையாது. அதுவரை எழுதிய கட்டுரைகளை, அடித்துத் திருத்திய பிரதிகளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கொடுக்க வேண்டும். கூடவே, "இந்த அரையாண்டில் என் எழுத்தில் என்ன மாறியது, ஏன் மாறியது" என்று நாலு பக்கம் எழுத வேண்டும். அப்பாவுக்குக் கோபம். "ரெண்டு லட்சம் வாங்கிட்டு பிள்ளையை டைரி எழுதச் சொல்லுதான் சார்!" சுற்றியிருந்த எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

நான் ஆமாம் போடவில்லை. அந்த செமஸ்டரில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அது ஒன்றுதான். அது ஏன் என்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது டைரி இல்லை. அவள் அனுமதியோடு சொல்கிறேன், அந்தக் கட்டை நான் வாங்கிப் படித்தேன். ஒரு கட்டுரை எங்கள் பகுதித் தண்ணீர் லாரிகளைப் பற்றியது. முதல் பிரதி எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? தண்ணீர் உயிருக்கு அவசியம், தண்ணீர் இல்லையேல் உலகம் இல்லை, அரசாங்கமும் மக்களும் கைகோத்துச் செயல்பட வேண்டும். நீங்களும் நானும் எட்டாம் வகுப்பில் எழுதிய அதே கட்டுரை, ஆங்கிலத்தில். ஆசிரியை ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: "உங்கள் கட்டடத்துக்கு நேற்று எத்தனை லாரி வந்தது?"

இவளுக்குத் தெரியவில்லை. போய் வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறாள். அவர் நோட்டைக் காட்டியிருக்கிறார். எந்த மாதம் எத்தனை லாரி, என்ன விலை, மழைக்காலத்தில்கூட ஏன் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பியிருக்கிறது. இரண்டாம் பிரதியில் உலகம், உயிர், அவசியம் எல்லாம் போய்விட்டன. மூன்றாம் பிரதியில் பாதி பக்கம் குறைந்து, விஷயம் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. கடைசி நாலு பக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள்: எனக்குத் தெரியாததை மறைக்கத்தான் பெரிய வார்த்தைகளைப் போட்டேன் என்று.

பத்தொன்பது வயதில் இதைத் தன்னைப் பற்றித் தானே கண்டுபிடித்திருக்கிறது அந்தப் பெண். நாற்பது வயதிலும் இதைக் கண்டுபிடிக்காத மேனேஜர்களோடு நான் தினமும் மீட்டிங்கில் உட்காருகிறேன் :-)

சரி, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்துதான். முதல் வருஷ மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சியைக் கட்டாயமாக்கி ஹார்வர்டு 1885ல் ஒரு பாடத்தைத் தொடங்கியது. ஆனால் அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அங்கேயும் எழுதி முடித்த கட்டுரையை வாங்கிச் சிவப்பு மையில் பிழை குறித்து மார்க் போடுவதே வழக்கமாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் சிலர் மாற்றிக் கேட்டார்கள். ஜேனட் எமிக் 1971ல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்து ஆராய்ச்சி வெளியிட்டார். பத்திரிகையாளராக இருந்து ஆசிரியரான டொனால்டு மர்ரி, எழுதி முடித்த பொருளை விட்டுவிட்டு எழுதுகிற வழியைச் சொல்லிக் கொடுங்கள் என்று 1972ல் வாதாடினார். 1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் எழுத்துத் தேர்வையே எடுத்துவிட்டு, மாணவரின் கட்டுரைக் கட்டை மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் திருநெல்வேலிக்காரர் "டைரி" என்று திட்டியது இந்தப் பரம்பரையில் வந்த சமாச்சாரம்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகங்களும் 1857ல் தொடங்கின. மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அது அந்தக் காலத்தில் பாடம் நடத்துகிற இடமே இல்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கிற இடம். லண்டன்காரர்கள் 1898ல் சட்டம் போட்டு அதைக் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக மாற்றிக்கொண்டார்கள். நாம் இன்னும் பெரும்பாலும் இணைப்புக் கல்லூரி முறையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பாடம் நடத்துகிறவர் ஒருவர். கேள்வித்தாள் போடுகிறவர் வேறொருவர். திருத்துகிறவர் மூன்றாமவர், அவருக்கு மாணவர் பெயர்கூடத் தெரியாது, தெரியவும் கூடாது. விடைத்தாள் ஒருமுறை கையை விட்டுப் போனால் போனதுதான். பணம் கட்டி ஜெராக்ஸ் வாங்கினாலொழிய அது திரும்பி வராது. அதையும் மார்க் கூட்டத்தான் வாங்குகிறோம், எங்கே தப்பு செய்தோம் என்று பார்க்க இல்லை.

இந்த ஏற்பாட்டில் எழுத்து என்பது என்ன? ஒருவழித் தபால். அனுப்புகிறவனுக்கு யார் படிப்பார்கள் என்று தெரியாது, பதிலும் வராது. அப்படிப்பட்ட கடிதத்தை எவன் அக்கறையாக எழுதுவான்?

எழுத மாட்டான். பக்கத்தை நிரப்புவான். பொறியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மார்க், பதினாறு மார்க். (அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் அது பதின்மூன்றும் பதினைந்துமாக மாறியது. வேறொன்றும் மாறவில்லை.) பதினாறு மார்க்குக்கு இத்தனை பக்கம் என்று சீனியர் கணக்குச் சொல்லித் தருவார். தலைப்புக்குக் கீழே கோடு, நடுவில் ஒரு படம், கடைசியில் முடிவுரை. ரெக்கார்டு நோட்டு இன்னும் மோசம். போன வருஷத்து நோட்டைப் பார்த்து விடிய விடிய எழுதினால், காலையில் சிவப்பு மையில் ஒரு கையெழுத்து. கடைசி வருஷப் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எல்லோரும் அக்கறையோடு எழுதும் பக்கம் ஒன்று உண்டு. நன்றியுரை.

பதினேழு வருஷம் படித்து, ஆயிரக் கணக்கான பக்கம் எழுதி, ஒரு பக்கத்தைக்கூட இரண்டாம் முறை எழுதாமல் பட்டம் வாங்கிவிடலாம். உலகத்தில் வேறெந்தக் கைத்தொழிலையாவது இப்படிக் கற்க முடியுமா? முதல் தோசை பிய்ந்து வந்தால் அடுத்த தோசைக்குக் கல்லில் எண்ணெய் கூட்டுகிறோம். முதல் கட்டுரை பிய்ந்து வந்தால் அதற்கு நாற்பத்தைந்து மார்க் போட்டு மூட்டை கட்டிவிடுகிறோம்.

நன்னூல் மாணாக்கர்களை வகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிக்கு அதில் இடைநிலைதான். இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே இலக்கண நூல் எழுதிய பவணந்தி முனிவர் கிளிக்கு முதலிடம் கொடுக்கவில்லை. நாம் கிளிக்குத் தங்கப் பதக்கம் கொடுத்து மேடையேற்றி ஃபோட்டோ எடுக்கிறோம்.

திருத்தி எழுதுவது ஒன்றும் நமக்கு அந்நியச் சரக்கும் இல்லை. அரங்கேற்றம் என்றால் என்ன? இன்று நாம் அதைப் பரதநாட்டியத்துக்கு மண்டபம் பிடிப்பதாக ஆக்கிவிட்டோம். பழைய அர்த்தத்தில், நூல் எழுதியவர் கற்றவர் சபையில் அதைப் படித்துக் காட்டி, எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, சபை ஏற்ற பிறகுதான் அது நூல். எழுதியதை ஒருவர் முன் வைத்து "இது ஏன் இப்படி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அதன் உயிர். அந்தப் பெண்ணின் கல்லூரி கேட்டதும் அதுவேதான்.

இனி நம்மாட்களின் எதிர்வாதங்கள். மூன்றுதான் உண்டு, மூன்றையும் பார்த்துவிடுவோம்.

ஒன்று. "என் பையன் இன்ஜினியர். அவனுக்கு எதுக்குக் கட்டுரை?"

கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1ல் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். புறப்படும்போது ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியிருந்தது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து பவர்பாயிண்ட் ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். தங்களிடமிருந்த சோதனைத் தகவல் 3 கன அங்குலத் துண்டுக்கானது, மோதியதோ 1920 கன அங்குலம் என்று கணக்கிடப்பட்டது. 640 மடங்கு. இந்த விஷயம் ஸ்லைடின் தலைப்பில் இல்லை, அடியில் ஒரு சின்ன வரியாகக் கிடந்தது. தலைப்பு கவலைப்பட வேண்டாம் என்கிற தொனியில் இருந்தது. அதே வருஷம் வந்த விசாரணைக் குழு அறிக்கை, முறையான தொழில்நுட்பக் கட்டுரைக்குப் பதில் ஸ்லைடு போட்டே காலம் தள்ளும் நாசாவின் வழக்கத்தைத் தனியாக எடுத்துக் கண்டித்தது. அந்த ஸ்லைடு மட்டுமே விபத்துக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்பில் வர வேண்டியது அடியில் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. முக்கியமானதை முதலில் சொல்வது இலக்கிய ரசனை இல்லை சார், அது இன்ஜினியரிங்.

இரண்டு. "நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வீக். அதைச் சரி பண்ணினா போதும்."

இதுதான் நம்மை ரொம்ப நாளாக ஏமாற்றும் வாதம். அந்தத் தண்ணீர் லாரிக் கட்டுரையின் முதல் பிரதியில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு பிழையைத் திருத்தும். வெறுமையை எப்படித் திருத்தும்?

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் வினை. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, நண்பர்களோடு இந்தி, வகுப்பில் ஆங்கிலம். நாலு மொழி பேசுகிறான் என்று ஊருக்குப் போனால் பெருமை அடித்துக்கொள்கிறோம். அந்த நாலில் எந்த மொழியில் ஒரு விஷயத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை வாதமாக எழுதுவான் என்று கேட்டால் பதில் இல்லை. தமிழை வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தில் அடிக்கிறான். மொழிப்பாடம் எடுக்கச் சொன்னால் பிரெஞ்சு, ஜெர்மன், சமஸ்கிருதம் என்று எதில் மார்க் அள்ளலாமோ அதை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். டெல்லி பல்கலைக்கழகம் 2022ல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் எட்டாம் அட்டவணை மொழிகளைத் திறன் வளர்க்கும் பாடம் என்று உள்ளே சேர்த்தார்கள். அங்கே படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவன் "நான் தமிழ் எடுக்கட்டுமா" என்று கேட்டால், முதலில் தடுப்பது கல்லூரியா, நாமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கோபம் வந்தாலும், பாட்டி சொன்ன கதையானாலும், முதல் எண்ணம் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் முதல் பிரதியை எழுதட்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். யோசிக்கத் தெரிந்தவனுக்கு மொழி மாற்றுவது வேலை. யோசிக்காதவனுக்கு எல்லா மொழியும் ஒன்றுதான், எதிலும் தண்ணீர் உயிருக்கு அவசியம்.

மூன்று. "அதான் சாட்ஜிபிடி வந்தாச்சே. அதுவே எழுதிக் கொடுத்துடும்."

2022 நவம்பரில் அது வந்த நாளிலிருந்து இந்த வாதம்தான் எல்லோர் வாயிலும். நான் தலைகீழாகச் சொல்கிறேன். முடிந்த கட்டுரையை மட்டும் வாங்கி மார்க் போடும் கல்லூரிக்குத்தான் அது எமன். அந்தக் கட்டுரை இனி இலவசமாகக் கிடைக்கும் பொருள். வாட்ச்மேன் நோட்டைப் பார்த்ததும், எந்த வரியை ஏன் அடித்தோம் என்பதும் மாணவரிடம் மட்டுமே இருக்கும். எதிரில் உட்கார வைத்து ஐந்து நிமிஷம் கேட்டால் தெரிந்துவிடும்.

நம் அமைப்பு இதற்கெல்லாம் கொடுக்கும் பதில் என்ன? போலீஸ் வேலை. பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் கருத்துத் திருட்டுக்கு எதிராக விதி கொண்டுவந்தது. பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை. விதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் எழுதவே சொல்லிக் கொடுக்காமல் திருட்டை மட்டும் பிடிப்பது, நீச்சல் சொல்லித் தராமல் கிணற்றுக்குக் காவல் போடுவது மாதிரி. பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன? வார்த்தையை மாற்றிப் போட்டு ஒன்பது சதவீதத்துக்கு இறக்குகிற வித்தை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த "நான் எப்படி வளர்ந்தேன்" கட்டுரையும் நம் ஊரில் சீக்கிரமே சடங்காகிவிடக்கூடியது. "இந்தப் பாடம் என் வாழ்க்கையை மாற்றியது, ஆசிரியருக்கு நன்றி" என்று ஒருவன் எழுத, அதை அறுபது பேர் காப்பியடித்தால் அதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டுதான். அது உயிரோடு இருக்க ஒரே நிபந்தனை, முதல் பிரதியிலிருந்து ஒருவர் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

அதற்கு ஆள் வேண்டும். இங்கேதான் பணம் வருகிறது. மகாராஷ்டிராவில் எத்தனையோ கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள் சி.எச்.பி. ஆசிரியர்கள். மணிக் கணக்கில் கூலி. தமிழ்நாட்டில் அதே வேலைக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர், கௌரவம் பெயரில் மட்டும். வகுப்பில் நின்ற மணிக்குத்தான் சி.எச்.பி. ஆசிரியருக்குக் காசு. வீட்டில் உட்கார்ந்து அறுபது பிரதியைப் படித்து ஓரத்தில் கேள்வி எழுதும் மணிக்கு யார் கொடுக்கிறார்கள்? அதனால் என் சண்டை ஆசிரியர்களோடு இல்லை. கண்ணாடி முகப்பும் நீச்சல் குளமும் கட்டிவிட்டு ஆசிரியரைத் தினக்கூலி ஆக்கும் நிர்வாகங்களோடு. அந்த நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்கிச் செக் எழுதும் நம்மோடும்.

ஆகவே மக்களே, அடுத்த ஜூனில் அட்மிஷனுக்குப் போகும்போது பிளேஸ்மெண்ட் கேள்வியோடு இவற்றையும் கேளுங்கள்.

1. கட்டுரை, அசைன்மெண்ட் எதுவானாலும் மாணவரிடம் திரும்பி வருமா? வந்தால் மார்க் மட்டும் இருக்குமா, குறிப்பும் இருக்குமா?

2. திருத்தி மறுபடி எழுதிக் கொடுக்க வாய்ப்பு உண்டா? அதற்கு மதிப்பெண் உண்டா?

3. எழுத்தைப் படிக்கும் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? அவர் நிரந்தர ஆசிரியரா, மணிக்கூலியா?

4. ஒரு மாணவர் எழுதித் திருத்திய கட்டுரை ஒன்றைக் காட்ட முடியுமா?

நாலாவது கேள்விக்கு ரிசப்ஷனில் இருப்பவர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். பார்க்கட்டும். பத்துப் பெற்றோர் கேட்டால் பதினோராவது பெற்றோருக்குப் பதில் தயாராக இருக்கும். பிளேஸ்மெண்ட் சதவீதத்தைப் பேனரில் போட வைத்ததே நாம் கேட்ட கேள்விதானே?

கல்லூரி மாற நாளாகும். வீட்டில் இன்றைக்கே தொடங்கலாம். பிள்ளை எதையாவது எழுதி வந்தால் "எவ்வளவு மார்க்?" என்று கேட்பதற்கு முன்னால், "கொடு, படிக்கிறேன்" என்று கேளுங்கள். பாடம் நமக்குப் புரியாமல் போகலாம். பரவாயில்லை, புரியாத இடத்தைச் சொன்னாலே அதுதான் திருத்தம். "இதை முதல்ல எப்படி எழுதியிருந்தே? ஏன் மாத்தினே?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை முறைக்கும். இரண்டாம் தடவை சுருக்கமாகப் பதில் சொல்லும். மூன்றாம் தடவை, நாம் சோபாவில் சாயும் முன்னால் தாளோடு வந்து நிற்கும்.

யாரோ ஒருவர் படிக்கப் போகிறார் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் அக்கறையாக எழுதுகிறார்கள். அந்த ஒருவரை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வேறு எதைக் கொடுத்து என்ன?